சின்னப்பர் கப்பலின் கயிறு

அரியலூர்,
திங்கட்கிழமை காலை.

அன்பு மகள் லூர்துவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. தாளின் கனத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். உன் கலியாணம் பேசினபடியே, தபசுகாலம் தொடங்குவதற்கு முந்தின திங்கட்கிழமை நடக்கும். நேற்று நான் படுத்ததுதான் தெரியும், வெயில் காலில் சுட்ட பிறகுதான் எழுந்தேன். "ஆறு வருசமா பொரண்டு பொரண்டு படுத்த மனுசன், நேத்து கட்டை மாதிரி கெடந்தாரு" என்று உன் அம்மா எதிர்வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது என்ன ஆறு வருடக் கதை என்று கேட்பாய். நீ டீச்சர் டிரெயினிங் படிக்கும் கும்பகோணத்துக்கு நம் பக்கத்து ஆட்கள் வந்துபோகிறார்கள். நல்லாம்பட்டியில் நேற்று நடந்ததைக் கையும் காலும் வைத்து அவர்கள் உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று, பல் தேய்த்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். நீ வாழப்போகிற ஊர் அது. உன் அப்பன் அங்கே செய்துவைத்திருப்பது என்ன என்று தெரியாமல் நீ பஸ் ஏறக் கூடாது.

உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். வரதராஜன்பேட்டையை விட்டு உபதேசியாராக இங்கே வந்த நாள் முதல் எனக்கு வேலை நடப்பதுதான். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைக்கிற சின்ன ஊர்களில் மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் கற்றுக்கொடுப்பது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்காருவது. இந்தப் பக்கம் அரியலூர், அந்தப் பக்கம் பெரம்பலூர், நடுவே கரிசல். யுத்த காலத்தில் பஸ் கரிப்புகையில் ஓடிற்று. மேட்டில் நின்றுபோனால் ஏறியவன் எல்லாம் இறங்கித் தள்ள வேண்டும். அதற்கு நடப்பதே மேல் என்று நடப்பேன். அர்ச்சியசிஷ்ட சின்னப்பரும் யேசுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது லூர்து. மறைக்க மாட்டேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

நல்லாம்பட்டியில் நம் வேதக்காரர் வீடு பதினான்கு. வேதப் புத்தகம் என் பையில் மட்டும்தான் இருந்தது. ஞாயிறு செபம் முடிந்ததும், சின்னப்பர் போன பயணத்தைத் தடவைக்கு ஓர் ஊர் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். வாசலில் எதிரிகள் காத்திருக்க, அவரைக் கூடையில் உட்காரவைத்து மதிலுக்கு வெளியே இறக்கிவிட்டது. கூடாரம் தைத்துத் தன் சோற்றைத் தானே தேடிக்கொண்டது. பூமி அதிர்ந்து சிறைக்கதவு திறந்தும் ஓடிப்போகாமல் உட்கார்ந்திருந்தது. பருத்திக் காட்டுப் பெண்கள் என்னைத் தூரத்தில் கண்டதுமே, "உபதேசியாரே, போன தடவ கல்லால அடிச்சு ஊருக்கு வெளியில இழுத்துப் போட்டாங்களே, எந்திரிச்சாரா இல்லியா?" என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. வீட்டில் உன் அம்மா என் பேச்சை இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்டதில்லை. அங்கே ஓர் ஊரே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

அந்த ஊரில் எனக்குச் சோறு போடுகிற வீடு சூசை வீடு. இப்போது உனக்கு மாமனாராகப் போகிற அதே சூசைதான். எதையும் கேலி பேசாமல் விழுங்க மாட்டார். அன்னம்மா அதற்கு நேர்மாறு, பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவாள். அவர்களுடைய ஒரே பிள்ளை சவரிமுத்து அப்போது இரங்கூனில் ஓர் அரிசி மில்லில் வேலைக்கு இருந்தான். ஆறு வருடத்துக்கு முந்தின மார்கழியில் இரங்கூனில் குண்டு விழுந்துவிட்டது என்று அரியலூர் ஸ்டேஷனில் பேச்சு வந்தது. அதோடு அவன் கடிதம் நின்றுபோயிற்று. அன்னம்மா வாய்விட்டு அழவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள், பிறகு மாட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிடுவாள்.

தை மாதம், ஒரு ஞாயிறு. கோவில் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதனால் செபத்தை ஓடைக்கரையில் வேலமர நிழலில் வைத்துக்கொண்டோம். சின்னப்பர் கதை அன்று கப்பல் உடைகிற இடத்துக்கு வந்திருந்தது. அன்னம்மாவைப் பார்த்தேன், இதை இவளுக்காகவே சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இருநூற்றெழுபத்தாறு பேர் அந்தக் கப்பலில் இருந்தார்கள், பதினான்கு நாள் சூரியனும் தெரியவில்லை நட்சத்திரமும் தெரியவில்லை, கப்பல் பிளந்துவிடாதபடி அடியைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார்கள், கடைசியில் கப்பல் நொறுங்கியே போயிற்று, ஆனால் நீந்தத் தெரிந்தவன் நீந்தி, தெரியாதவன் பலகையைப் பிடித்து, எல்லோரும் கரை சேர்ந்தார்கள், ஒருத்தரும் சாகவில்லை என்று சொன்னேன். அன்னம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஒரு மாதத்தில் அன்றுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தேன்.

சூசைக்கு அப்போதுதான் நாக்கு அரித்தது. "உபதேசியாரே, நீங்க கடலப் பாத்திருக்கீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பார்த்ததில்லை. இன்றுவரை பார்த்ததில்லை. அவர் விடவில்லை. "பாக்காத கடலு, பாக்காத கப்பலு. அதுல ஒருத்தரும் சாகலைன்னு உங்களுக்கு மட்டும் எப்புடிங்க தெரிஞ்சுச்சு?" மறுபடியும் சிரிப்பு. அன்னம்மாவின் தலை மறுபடியும் குனிந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அவள் தலை குனிந்தது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அதைவிட அதிகமாகச் சுட்டது.

எதிரே ஓடைக்கரையில், மழை கரிசலை அரித்துப்போன இடத்தில், தாம்பாளம் அகலத்துக்கு ஒரு கல் கிடந்தது. வட்டம் வட்டமாகச் சுருண்டு, மேலே வரிவரியாக இருக்கும். அந்தப் பக்கம் ஏர் ஓட்டினால் கல்லாய்ப் போன சிப்பியும் நத்தையும் கொழுவில் தட்டுப்படும் என்று உனக்கே தெரியும். நான் எழுந்துபோய் அந்தக் கல்லின்மேல் கையை வைத்தேன். வாய் கூசாமல் சொன்னேன்: "இங்க முன்னால கடல் இருந்துச்சு. இல்லைன்னா இந்தச் சிப்பியெல்லாம் எங்கேருந்து வந்துச்சு? சின்னப்பர் வந்த கப்பலு ஒடைஞ்சது இந்தப் பக்கந்தான். இது என்னன்னு நெனைக்கிறீங்க? கப்பலச் சுத்திக் கட்டின கயிறு. சுருட்டிப் போட்டது போட்டபடி கல்லாயிருச்சு."  சூசை எழுந்து வந்து அந்த வரிகளை விரலால் தடவிப் பார்த்தார். "ஆமாய்யா, முறுக்குத் தெரியுதே" என்றார். அவ்வளவுதான் லூர்து. ஒரு நிமிடத்தில் முடிந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து, வயிறு சரியில்லை என்று உன் அம்மாவிடம் கஷாயம் கேட்டேன். அடுத்த தடவை போனதும், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். போனால், ஊர் எல்லையிலேயே மாலையோடு நிற்கிறார்கள். தங்கள் ஊர் மண்ணில் சின்னப்பர் கால் பட்டது இத்தனை காலம் தெரியாமல் கிடந்தோமே, உபதேசியார் வந்துதானே கண்ணைத் திறந்தார் என்று பெண்கள் குலவையிட்டார்கள். லீஸ்திரா என்கிற ஊரில் சின்னப்பரைத் தெய்வம் என்று எண்ணிக் காளையும் மாலையுமாக வந்தார்களே, அப்போது அவர் துணியைக் கிழித்துக்கொண்டு, நானும் உங்களைப் போல மனுஷன்தான் என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார். அந்தக் கதையையும் நான்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன், கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தேன். எனக்கு மாலை வந்தபோது கழுத்தைக் குனிந்து கொடுத்தேன்.

அன்னம்மா அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டாள். காட்டு வேலை முடிந்ததும் போய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மழையானாலும் சரி. கயிறு கல்லானாலும் அறுந்துபோகவில்லையே, என் பிள்ளையும் அறுந்துபோக மாட்டான் என்பாளாம். ஆனால் சோறு உண்ண ஆரம்பித்தாள். அதைப் பார்த்து நான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன், பொய்யானாலும் ஒரு உயிரைத் தாங்குகிறதே என்று. அந்தச் சமாதானம்தான் எல்லாவற்றிலும் மோசம். எட்டு மாதம் கழித்து சவரிமுத்து வந்துவிட்டான். பர்மாக் காட்டு வழியே நடந்து, எலும்பும் தோலுமாக, காலெல்லாம் புண்ணாக வந்து சேர்ந்தான். ஊர் அவனை வண்டியில் ஏற்றி, வீட்டுக்குக்கூட விடாமல் நேரே கல்லடிக்குக் கொண்டுபோயிற்று. அவன் ஒன்றும் புரியாமல் முழித்தான். நான் கூட்டத்தின் பின்னால் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். இனி எந்த முகத்தோடு வாயைத் திறப்பது?

பிறகு கல்லைச் சுற்றி மண்சுவர் எழுந்தது. மெழுகுதிரி எரிந்தது. சின்னப்பர் திருநாளுக்குப் பொங்கல் வைத்தார்கள். சாமியார் ஒருமுறை, "அங்கே என்ன புகை?" என்று கேட்டார். "அது வெறும் முள்ளுக்காடு சாமி, சைக்கிள் போகாது" என்றேன். ஒரு பொய்யைக் காக்க இன்னொன்று. மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போடுவேன், "சின்னப் பொய் சொன்னேன் சாமி" என்பேன். அவர் மூன்று மந்திரம் சொல்லச் சொல்லுவார். என்ன பொய் என்று அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த மூன்று மந்திரத்தை ஆறு வருடம் சொன்னேன்.

இப்போது உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பதற்கு வருகிறேன். நீ கான்வெண்டில் படிக்கும்போது, ஒரு கோடை லீவில் பள்ளிக்கூட அட்லஸைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய். "அப்பா, சின்னப்பர் கப்பல் ஒடைஞ்ச தீவு மால்டா. அது இங்க இருக்கு பாருங்க. நம்ம ஊரு இங்க இருக்கு. அந்தக் கல்லு கயிறு இல்லப்பா, பழைய காலத்துக் கடல் நத்தையாம், சிஸ்டர் சொன்னாங்க" என்றாய். உன் விரல் ஒன்று மால்டாவில், ஒன்று மதராசுக்குக் கீழே. உன் முகத்தில் என்ன சந்தோஷம், அப்பாவுக்குத் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று. நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். "படிச்ச திமிரா? வேதத்துக்கு மேல அட்லஸா?" என்று கத்தினேன். நீ அழவில்லை, அட்லஸை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அதற்குப் பிறகு எந்தச் சந்தேகத்தையும் நீ என்னிடம் கேட்டதில்லை. நீ சொன்னது சரி. எனக்கு அன்றே தெரியும், அதனால்தான் அடித்தேன். என்னை மன்னித்துக்கொள் அம்மா. நாளைக்கு உன் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நீ சொன்னது தப்பு என்றால், அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் வரும். அது வருகிற வேகத்தைப் பார்த்தே தெரிந்துகொள், பிள்ளை சொல்வது சரி என்று.

போன ஆவணியில் அன்னம்மா தாம்பூலத் தட்டோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "கயித்தக் காட்டி எம்புள்ளைய மீட்டுக் குடுத்தவரு நீங்க. ஒங்க பொண்ணு எங்கூட்டுக்கு வரணும்" என்றாள். பையன் நல்லவன். நீயும் சரி என்றாய். நான் எதைச் சொல்லி மறுப்பேன்? கலியாண ஓலையை மூன்று ஞாயிறு கோவிலில் வாசிக்க வேண்டும், சாமியார் வராத ஞாயிறில் உபதேசியார்தான் வாசிக்க வேண்டும். ஆக, என் மகளின் ஓலையை நானே நின்று வாசித்தேன். இதற்குத் தடை உண்டென்று அறிந்தவர் எவரானாலும் சொல்லக் கடவர் என்று வாசித்துவிட்டுச் சற்று நிறுத்துவது வழக்கம். எத்தனையோ ஓலையில் நிறுத்தியிருக்கிறேன். அந்த நேரம் இவ்வளவு நீளம் என்று எனக்கு முன்பு தெரியாது.

இரண்டாம் ஓலை அன்று, செபம் முடிந்து வெளியே வரும்போது அன்னம்மா சொன்னாள்: "கலியாணம் முடிஞ்சதும் பொண்ணு நேரா கயித்துக்கல்லுக்குத்தான் வரணும். அதுல கைய வச்சு, சாகுற மட்டும் எம்மவன விட்டுப் பிரிய மாட்டேன்னு உறுதி சொல்லிட்டு, அப்புறந்தான் எங்கூட்டுப் படி ஏறணும்."  அட்லஸ் பிடித்த அந்தக் கையை என் பொய்யின்மேல் வைத்துத்தான் நீ வாழ்க்கையைத் தொடங்க வேண்டும். நீ வைப்பாய். அப்பாவின் மானத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வைப்பாய். நத்தை என்று தெரிந்தே வைப்பாய்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறு வருடத்தில் அதுவே முதல் தடவை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். "இதுக்கா இத்தன வருசம் வயித்த வலிக்குதுன்னீங்க? ஒங்களுக்குக் கஷாயம் போட்டே எங்கை தேஞ்சுபோச்சு. போயி சொல்லித் தொலைங்க" என்றாள். கலியாணம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றேன். "நின்னா நிக்கட்டும். எம்பொண்ணுக்கு என்ன கொறச்சல்? பொய்யில கால வச்சு அவ ஒரு வூட்டுக்கும் போக வேணாம்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான். உன் கலியாணப் புடவை பெட்டிமேல் மடித்தபடி இருந்தது.

புதன்கிழமை நல்லாம்பட்டிக்கு நடந்தேன். அன்னம்மா வாசலில் பருத்தியைக் கொட்டித் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். சூசையும் சவரிமுத்துவும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், நான் நின்றுகொண்டே சொன்னேன். அது கயிறு இல்லை, சின்னப்பர் இந்தத் தேசத்துக்குக் கப்பலில் வரவே இல்லை, சிரித்தார்கள் என்று ரோஷப்பட்டு நானாக இட்டுக்கட்டினது என்று சொன்னேன். அன்னம்மாவின் கை பருத்திக்குள்ளேயே நின்றுவிட்டது. "எட்டு மாசம் அதுமேல கைய வச்சு உக்காந்திருந்தேன். மழையில உக்காந்திருந்தேன். நீங்க வந்து பாத்துட்டுத்தானே போனீங்க?" என்றாள். ஆமாம்மா என்றேன். "பாத்துட்டு எங்கூட்டுல சோறுந் தின்னீங்க." ஆமாம்மா என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சூசைக்கு ஒரு கேலிகூட வாயில் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நான் திரும்பி நடந்தபோது சவரிமுத்து கூடவே வந்தான். அவன் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், நீ யாருக்கு வாழ்க்கைப்படப் போகிறாய் என்று தெரியட்டும். "மாமா, எனக்கு அந்தக் கல்லப் பத்தி அப்ப ஒண்ணுமே தெரியாது. செத்துக் கெடந்தவங்களத் தாண்டித் தாண்டித்தான் வந்தேன். அவங்க ஆத்தாளுங்களும் எங்கியோ ஒக்காந்து வேண்டிக்கிட்டுத்தானே இருந்திருப்பாங்க? நான் மட்டும் ஏன் வந்தேன்னு எனக்கே தெரியல. ஊருல எல்லாரும் கயிறு கயிறுங்கறப்ப எனக்கு நெஞ்ச அடைக்கும். யாருகிட்டயும் சொன்னதில்ல. இன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு ஒரு பாரம் கொறஞ்ச மாதிரி இருக்கு" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அப்போது பின்னாலிருந்து அன்னம்மாவின் குரல். வாசலில் நின்று, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம மூணாம் ஓலை வாசிக்க வருவீங்கள்ல? இத அங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. பொண்ணு வேணுமா வேண்டாமான்னு அப்புறம் நான் சொல்றேன்."

அந்த நான்கு நாளை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதே. நேற்றுக் கோவில் நிறைந்துவிட்டது. அன்னம்மா முன்வரிசையில் இருந்தாள். உன் பெயர், சவரிமுத்து பெயர், தாய் தகப்பன் பெயர் எல்லாம் வாசித்தேன். தடை உண்டென்று அறிந்தவர் எவரானாலும் சொல்லக் கடவர் என்று வாசித்தேன். நிறுத்தினேன்.  தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "நானே சொல்றேன்" என்றேன். பெண்ணைப் பெற்றவனே எழுந்து தடை சொல்கிறானே என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சிரிப்பையும் சொன்னேன், ரோஷத்தையும் சொன்னேன், மாலைக்குக் கழுத்துக் குனிந்ததையும் சொன்னேன். ஒரு பெரியவர், "அப்ப இத்தன நாளா நாம கும்புட்டது நத்தையவா?" என்று கேட்டார். யாரோ ஒரு பெண் தேம்பினாள். பின்னாலிருந்து ஒருவன், "வெளிய போங்கய்யா!" என்று கத்தினான். அவன் சொன்னதில் தப்பில்லை, போகத்தான் புத்தகத்தைப் பையில் வைத்தேன். சூசை எழுந்தார். "கடலப் பாத்திருக்கியான்னு வம்புக்குக் கேட்டவன் நாந்தான். முறுக்குத் தெரியுதுன்னு சொன்னவனும் நாந்தான். வெளிய போறதுன்னா ரெண்டு பேரும் போறோம்" என்றார்.

அன்னம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அந்தக் கப்பல்ல ஒருத்தரும் சாகலைன்னீங்களே. அதுவும் நீங்களாச் சேத்ததா?"  இல்லம்மா, அது வேதத்தில் இருக்கிறது என்றேன். "நீங்க படிக்க வேணாம், எம்மவன் படிக்கட்டும்" என்றாள். நியாயம்தானே? புத்தகத்தை எடுத்து சவரிமுத்துவிடம் கொடுத்து இடத்தைக் காட்டினேன். அவன் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தான். கப்பல் உடைந்தது, பலகையைப் பிடித்தவன் பலகையோடு, எல்லோரும் கரை சேர்ந்தார்கள் என்று வாசித்து முடித்தான். அன்னம்மா கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "அன்னைக்கே இத மட்டும் படிச்சுக் காட்டியிருந்தாப் போதுமே உபதேசியாரே. எனக்கு எதுக்குக் கயிறு?" என்றாள். கோபம் போகவில்லை, கண்ணில் அப்படியே இருந்தது. முந்தானையை உதறிக்கொண்டு உட்கார்ந்தாள். "தடை ஒண்ணும் இல்ல. மேல படிங்க."

படித்தேன். எப்படிப் படித்தேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். சூசைக்கு நாக்கு திரும்பிவிட்டது. "சம்பந்தி, கயிறு திரிக்கிறதுல ஒம்ம அடிச்சுக்க ஆளு இல்லய்யா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். அன்னம்மா சிரிக்கவில்லை, ஆனால் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றினாள். பெண் கல்லடிக்கெல்லாம் போக வேண்டாம், கோவிலிலிருந்து நேரே வீட்டுக்கு வரட்டும் என்றும் சொல்லிவிட்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. சாயங்காலம் சாமியாரிடம் போய், இந்தத் தடவை முழுப் பொய்யையும் சொன்னேன். அவர் மந்திரம் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. கயிற்றுக் கதை பாடாலூர் வரைக்கும் போயிருக்கிறது, அது போன ஊருக்கெல்லாம் நடந்துபோய், இல்லை என்று சொல்லிவிட்டு வா என்றார். நாளைக்குப் புறப்படுகிறேன். கலியாணத்துக்குள் முடித்துவிடுவேன். கால் வலிக்கும்தான். ஆனால் இத்தனை லேசாக நான் என்றைக்கும் நடக்கப் போனதில்லை.

நல்லாம்பட்டிக்காரர்கள் வாய் சும்மா இருக்காது. கிணற்றடியில், பருத்திக் காட்டில் யாராவது உன்னிடம், உங்கப்பன் எங்களிடம் பொய் சொன்னவராச்சே என்பார்கள். நீ தலையைக் குனியாதே, சண்டைக்கும் போகாதே. "ஆமா, சொன்னாரு. அப்புறம் அவரே வந்து பொய்யின்னும் சொன்னாரு" என்று நிமிர்ந்து சொல். அதில் முதல் பாதிதான் இத்தனை நாள் உனக்காக நான் தேடி வைத்திருந்தது. இரண்டாம் பாதியை நேற்றுத்தான் தேடினேன். உன் கலியாணத்துக்கு அப்பா தருகிற சீர் அதுதான் அம்மா, வெட்கப்படாமல் வாங்கிக்கொள்.

உன் அப்பா.